பழைய சிஎன்சி மெசினுக்கும் கணினிக்கும் இடையில்: கேபிளா, கார்டா, வைஃபை பெட்டியா?

அரிசி ஆலை ஷாஃப்ட், வள்ளத்துக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட், லேண்ட்மாஸ்டர் பாகங்கள் என்று வேலை ஓடும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் சிஎன்சி (புரோகிராமைப் பார்த்துத் தானே வெட்டும் மெசின்) என்றால் நான் காண்பது அநேகமாகப் பழைய மெசின்தான். ஜப்பானிலோ தைவானிலோ பல வருடம் ஓடிவிட்டு, கொழும்பு வழியாக ஏறாவூருக்கோ சம்மாந்துறைக்கோ வந்து இறங்கியிருக்கும். இரும்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெசினை ஓட்டும் கணினிப் பெட்டியான கொன்ட்ரோலில் யூஎஸ்பி இல்லை, நெட்வொர்க் இல்லை. பெட்டியின் ஓரத்தில் 25 பின் கொண்ட ஒரு சொக்கற் மட்டும் இருக்கும். ஆர்எஸ்-232 என்று 1960இல் வந்த சீரியல் தரம் அது, அதாவது எழுத்துகளை பிட் பிட்டாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை. ஜப்பானிய ஃபேனக் கம்பனியின் 0 வரிசை கொன்ட்ரோல் 1985இல் வெளிவந்தபோதும் வெளியே பேசுவதற்கு அதையே வைத்திருந்தது.

இப்படிப்பட்ட மெசினோடு கணினியை இணைக்க இன்று பல வழிகள் விலைக்குக் கிடைக்கின்றன. எது வாங்குவது என்று கேட்பவர்களில் பெரும்பாலானோரின் முதல் கேள்வி "எது கெதியா அனுப்பும்?" என்பதுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். மெசினுக்குள் இப்போது கிடப்பதை எந்த வழி முழுசாக வெளியே எடுத்துத் தரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் பற்றரி. ஃபேனக் 0 போன்ற கொன்ட்ரோலில் புரோகிராம், டூல் ஒஃப்செட் (வெட்டும் டூலின் அளவுத் திருத்தம்), பராமீற்றர் (மெசினின் அமைப்பு எண்கள்) எல்லாம் பற்றரியின் தயவில் நிற்கும் மெமறியில் இருக்கின்றன. டோர்ச் லைட்டுக்குப் போடும் பெரிய டி சைஸ் அல்கலைன் பற்றரி மூன்று, ஒரு சின்னப் பெட்டிக்குள். வருடத்துக்கு ஒரு தடவை, மெசின் ஓனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். திரையில் பற்றரி எச்சரிக்கை மின்னத் தொடங்கிய பிறகும் "பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டு, பெருநாளுக்கோ பொங்கலுக்கோ மெயின் சுவிட்சை அணைத்துப் பட்டறையைப் பூட்டினால், திரும்பி வரும்போது மெமறி வெறுமையாக இருக்கலாம்.

புரோகிராம் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். பராமீற்றர் போனால்? ஒவ்வொரு அச்சின் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு), ரெஃபரன்ஸ் நிலை, சேர்வோ மோட்டர் எண்கள் எல்லாம் அந்த ஒரு மெசினுக்கென்றே இட்டவை. ஃபேனக் 0இல் 900 வரிசை எண்கள்தான் எந்தெந்த ஒப்ஷன் திறந்திருக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை அச்சிட்ட தாள் கபினெட் கதவின் உட்புறத்தில் வைக்கப்பட்டிருக்கும். மூன்று கை மாறி வந்த மெசினில் அந்தத் தாள் மங்கிப்போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்த நிலையில் கொழும்பிலிருந்து ஆள் வந்தாலும் எதை வைத்துப் பார்ப்பார்?

இந்த அளவுகோலில் பார்த்தால் முன்னுக்கு நிற்பது மிகச் சாதாரணமான வழி: ஒரு கேபிள், ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர், ஒரு பழைய லப்டொப். செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். புரோகிராம், பராமீற்றர், ஒஃப்செட் மூன்றும் இதே கம்பியில் உள்ளேயும் போகும், வெளியேயும் வரும். மற்ற வழிகளில் பாதி, உள்ளுக்குள் இதே சொக்கற்றைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கேபிளை நீங்களே சொல்டர் பண்ணுங்கள். மூன்று கம்பி போதும். ஃபேனக் பக்கம் 25 பின்னில் 2, 3, 7. லப்டொப் பக்கம் 9 பின்னில் முறையே 2, 3, 5. 'குறுக்கே மாற்றிக் கட்டு' என்று பலர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் 25 பின் என்றால் அது சரி. 9 பின்னில் அனுப்பும் பின்னும் வாங்கும் பின்னும் ஏற்கனவே இடம் மாறியிருப்பதால் 2இலிருந்து 2க்கும் 3இலிருந்து 3க்கும் நேராகவே போகும். மெசின் பக்கத்தில் 4ஐயும் 5ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகவும் சின்னக் கம்பித் துண்டால் இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரே ஆள் தயாராக இல்லை என்று நினைத்து கொன்ட்ரோல் 086 அலாரம் காட்டும். ஷீல்ட் கம்பியை ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள்.

ரெடிமேட் கேபிளை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. சம்மாந்துறையில் ஒரு பட்டறையில் பழைய பிரின்டர் கேபிளை எடுத்து வந்த முதலாளி, "இதுவும் 25 பின்தானே தம்பி, அப்படியே பொருந்துது" என்றார். "கொஞ்சம் பொறுங்க காக்கா" என்று மல்டிமீற்றரின் கறுப்பு முனையை 7ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 25ஆம் பின்னிலும் வைத்துக் காட்டினேன். 24 வோல்ட். ஃபேனக் தன்னுடைய ரீடர் கருவிகளுக்குக் கரண்ட் கொடுப்பதற்காக அந்தப் பின்னில் 24 வோல்ட்டை வைத்திருக்கிறது. எல்லாப் பின்னையும் இணைத்த கேபிள் அதை நேராகக் கணினியின் போர்ட்டுக்குக் கொண்டுபோகும். அவர் கேபிளைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். மூன்று கம்பிக் கேபிளில் அந்தப் பயமே இல்லை.

அடாப்டரில் பார்க்க வேண்டியது அதன் சிப். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்குங்கள். ப்ரொலிஃபிக் சிப்பின் பழைய வகைகளைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. போலிச் சிப்களும் சந்தையில் நிறைய. இன்னொரு காரணமும் இருக்கிறது. வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் கொன்ட்ரோலின் மெமறி நிரம்பும்போது அது 'நிறுத்து' என்று ஒரு எழுத்தை அனுப்பும். இடம் வந்ததும் 'தொடர்' என்று இன்னொன்றை அனுப்பும். எக்ஸ்ஓன், எக்ஸ்ஓஃப் என்பது இதுதான். 'நிறுத்து' சொன்ன பிறகு ஃபேனக் பொறுத்துக்கொள்வது 10 எழுத்துகள் மட்டுமே. அதற்கு மேல் வந்தால் 087 அலாரம். எஃப்டிடிஐ இந்த நிறுத்தத்தைச் சிப்புக்குள்ளேயே கவனிக்கும். விண்டோஸ் வரை போய்த் திரும்பி வந்து நிறுத்துகிற அடாப்டர் அதற்குள் இருபது முப்பது எழுத்தைத் தள்ளிவிடும். "சின்ன புரோகிராம் போகுது, பெரிசு போகுதில்லை" என்ற முறைப்பாட்டுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செற்றிங்கில் 4800 அல்லது 9600 வேகம், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டொப் பிட். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் 085 அலாரம். சொஃப்ட்வேருக்கு டெரா டேர்ம் போதும், இலவசம். அனுப்புகிற கோப்பு % அடையாளத்தில் தொடங்கி % அடையாளத்தில் முடிய வேண்டும். குறிப்பு எழுதுவதென்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் மட்டும்; தமிழில் 'இடது பக்கம்' என்று ஒரு சொல் கோப்புக்குள் இருந்தாலும் கொன்ட்ரோல் திணறும்.

கேபிள் தயாரானதும் ஒன்றையும் உள்ளே அனுப்ப வேண்டாம். லப்டொப்பில் வாங்கும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மெசினை எடிட் மோடில் போட்டு, பராமீற்றர் பக்கத்தில் நின்று அவுட்புட் அழுத்துங்கள். பிறகு ஒஃப்செட். பிறகு புரோகிராம் பக்கத்தில் ஆங்கில ஓ (O) எழுத்தோடு -9999 கொடுத்தால் எல்லாப் புரோகிராமும் வரிசையாக வெளியே வரும். 900 வரிசை எண்கள் கோப்பில் வந்திருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். வந்திருந்தாலும் அந்தப் பக்கங்களை ஃபோனில் போட்டோ எடுத்து வையுங்கள். வெளியே எடுப்பதற்குப் பராமீற்றர் பூட்டைத் திறக்கத் தேவையில்லை, அதனால் எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

கேபிளின் பலவீனம் மின்னல். எங்கள் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி தொடங்கினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, சித்திரையிலும் அப்படித்தான். மெசின் ஒரு மூன்று பேஸ் லைனில், கணினி ஒரு அறையில் வேறொரு பிளக்கில், நடுவில் ஒரு நீளக் கம்பி என்றால், இரண்டு எர்த்துக்கும் இடையில் வரும் வேறுபாடு முழுவதும் அந்தக் கம்பி வழியாகப் பாயும். கருகுவது கொன்ட்ரோல் போர்டில் உள்ள சின்ன ஐசி. அடாப்டர் போனால் இன்னொன்று வாங்கலாம், போர்ட் போனால் மாதக்கணக்கு. கேபிளை 15 மீற்றருக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. நான் அதைவிடக் குறுக்கி, 3 மீற்றர் கேபிளோடு லப்டொப்பை மெசினடிக்குக் கொண்டுபோகச் சொல்வேன். சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் ஓடவிட்டு, வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நிரந்தரமாக மாட்டியே வைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஒப்டிகல் ஐசொலேட்டர் (சிக்னலை ஒளியாகக் கடத்தி, கரண்டைத் தடுக்கும் கருவி) கட்டாயம். வாவிக்கரையிலோ கடற்கரைப் பக்கத்திலோ பட்டறை இருந்தால் உப்புக்காற்றில் பின் பச்சை பிடிக்கும். சொக்கற்றுக்கு ஒரு மூடி போடுங்கள்.

அடுத்தது மெமறி கார்ட். உங்கள் கொன்ட்ரோல் ஃபேனக்கின் 'ஐ' வரிசை, அதாவது 16i, 18i, 21i, 0i வகையாக இருந்து, திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவும் அதற்குள் கார்ட் நுழையும் இடமும் இருந்தால், கேபிளைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடலாம். பிசிஎம்சிஐஏ அடாப்டருக்குள் ஒரு கொம்பக்ட் ஃபிளாஷ் கார்டைப் போட்டு, 20ஆம் பராமீற்றரை 4 ஆக்கினால் போதும். பெரிய கார்ட் வாங்காதீர்கள். 2 ஜிபிக்கு உட்பட்டதை ஃபேட் முறையில் ஃபோர்மட் பண்ணி வைத்தால் தொல்லை குறைவு. கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இன்னொன்றுக்காக. திரைக்குக் கீழுள்ள வரிசையில் வலது ஓரத்து இரண்டு சொஃப்ட் கீயையும் அழுத்திக்கொண்டு மெசினை ஓன் பண்ணினால் பூட் மெனு வரும். அதில் எஸ்ராம் பேக்கப் என்பதைத் தெரிவு செய்தால் பராமீற்றர் முதல் மக்ரோ வரை மொத்த மெமறியும் கார்டுக்குள் வந்துவிடும். திரும்பப் போடுவதும் அதே மெனுவில்தான், அதனால் 'ரெஸ்டோர்' என்று எழுதிய வரியில் கை படாமல் பாருங்கள். கம்பி இல்லை, மின்னல் பயம் இல்லை, செற்றிங் பொருந்தவில்லை என்ற பேச்சே இல்லை. ஆனால் ஃபேனக் 0சி போன்ற மூத்த கொன்ட்ரோலில் இந்த வசதி கிடையாது. மெசின் வாங்கப் போகும்போதே அந்தச் சின்னக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

புளொப்பி எமுலேட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெசினில் ஏற்கனவே 3.5 அங்குலப் புளொப்பி டிரைவ் இருந்தால் மட்டுமே அதற்கு வேலை. பழைய ஹாஸ் மெசின்கள் சிலவற்றில் அப்படி உண்டு. டிரைவைக் கழற்றி, அதே 34 பின் ரிப்பன் கேபிளில் கோடெக் போன்ற ஒரு எமுலேட்டரை மாட்டினால், பென்டிரைவைப் புளொப்பி என்றே மெசின் நம்பும். நல்ல புளொப்பி கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இது நல்ல தீர்வு. டிரைவ் எண்ணைத் தெரிவு செய்யும் சின்ன ஜம்பர் பழைய டிரைவில் எங்கே இருந்ததோ அதைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

பென்டிரைவ் பெட்டி என்று ஒன்று விற்கிறார்கள். மெசினின் 25 பின் சொக்கற்றில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டால், பென்டிரைவைச் செருகிப் பெட்டியிலுள்ள பொத்தானால் கோப்பைத் தெரிவு செய்து அனுப்பலாம். கணினி பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. எண்ணெயும் இரும்புத் தூளும் பறக்கும் இடத்துக்கு லப்டொப்பைக் கொண்டுவரப் பிடிக்காதவர்களுக்கு இது வசதி, ஒப்பரேட்டரும் சீக்கிரம் பழகிவிடுவார். கேபிளைவிடப் பல மடங்கு விலை என்பது ஒரு குறை. அதைவிட எனக்கு முக்கியம், சில பெட்டிகள் அனுப்ப மட்டுமே செய்யும், மெசினிலிருந்து வருவதை வாங்கிச் சேமிக்காது என்பது. கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மெசினில இருந்து பராமீற்றரை இந்தப் பெட்டிக்குள்ள எடுக்கலாமா?" நேரான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

வைஃபை பெட்டி, அதாவது சீரியல் சேர்வர். இளைஞர்களுக்கு இதில்தான் கண். மெசின் பக்கம் ஆர்எஸ்-232, மறுபக்கம் வைஃபை அல்லது ஈதர்நெட். அலுவலகக் கணினியில் அது ஒரு கொம் போர்ட்டாகத் தெரியும். இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வைஃபை என்றால் கணினிக்கும் மெசினுக்கும் இடையில் கம்பியே இல்லை, அதனால் எர்த் சண்டையும் இல்லை. ஆனால் மேலே சொன்ன 10 எழுத்துக் கணக்கு இங்கே கழுத்தைப் பிடிக்கும். 'நிறுத்து' என்ற சொல் காற்றில் கணினிக்குப் போய் அது நிறுத்துவதற்குள் நூறு எழுத்து வந்து குவிந்துவிடும். எக்ஸ்ஓன், எக்ஸ்ஓஃபை அந்தப் பெட்டியே மெசினடியில் நின்று கவனிக்க வேண்டும். அந்த வசதி உள்ளவை மலிவாகக் கிடைப்பதில்லை. தகரக் கூரைக்குக் கீழே பக்கத்திலேயே வெல்டிங் ஓடும் பட்டறையில் வைஃபை தடுமாறுவதையும் கணக்கில் எடுங்கள். ஒரு மெசினுக்காக இதில் இறங்குவது வீண் செலவு என்பதே என் எண்ணம். மூன்று நான்கு மெசின், தனி அறையில் வரைபடம் போட ஒருவர் என்று வந்தால் பேச்சு வேறு.

இப்போது வேகம். இங்கேதான் மெசின் என்ன செய்கிறது என்பது எல்லாவற்றையும் மாற்றுகிறது. லேத் என்றால் ஒரு ஷாஃப்டுக்கு முப்பது நாற்பது வரி. அதைக் கொன்ட்ரோலிலேயே கையால் ரைப் பண்ணுவதில் ஒரு தவறும் இல்லை. கேபிள் பேக்கப்புக்கு மட்டும் போதும். மில்லிங் மெசினில் அச்சு (மோல்ட்) வெட்டுகிறவருக்குத்தான் தொல்லை. பழைய கொன்ட்ரோலின் மெமறியைத் துளைநாடாவின் நீளத்தில் சொல்வார்கள். 80 மீற்றர் என்றால் ஏறக்குறைய 32 கேபி. வரைபடத்திலிருந்து புரோகிராம் ஆக்கும் காம் சொஃப்ட்வேர் தரும் முப்பரிமாணக் கோப்பு மெகாபைட் கணக்கில் வரும். அதை உள்ளே வைக்க இடமில்லாததால் ஒரு பக்கம் அனுப்ப அனுப்ப மறுபக்கம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். டிஎன்சி ஓட்டம் என்பது அதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன செற்றிங்கில் ஒரு எழுத்துக்கு 11 பிட். 4800 வேகத்தில் நொடிக்கு 436 எழுத்து. எக்ஸ், வை, இசெட் மூன்றும் உள்ள ஒரு வரி 22 எழுத்து என்றால் நொடிக்கு ஏறக்குறைய 20 வரி. வரிக்கு 0.2 மிமீ நகர்வு என்றால் நொடிக்கு 4 மிமீ, நிமிடத்துக்கு 240 மிமீ. நீங்கள் ஃபீட் 1000 என்று எழுதினாலும் மெசின் அதற்கு மேல் ஓடாது. வரிக்கு வரி நின்று நின்று போவதால் வெட்டிய முகத்தில் கோடு விழும். 9600 ஆக்கினால் 480. பென்டிரைவ் பெட்டியோ வைஃபையோ வாங்கினாலும் இந்த எண் அசையாது, ஏனென்றால் இடுக்கு அந்த 25 பின் சொக்கற்றில் இருக்கிறது. விலை கூடிய பெட்டியை 'வேகம்' என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் காம் சொஃப்ட்வேரில் டொலரன்ஸை (அனுமதிக்கும் அளவுப் பிசகை)த் தளர்த்தி வரிகளைக் குறைக்கலாம், அல்லது மெமறி கார்டிலிருந்தே டிஎன்சி ஓடக்கூடிய ஐ வரிசை மெசினுக்குப் போகலாம்.

ஆக, ஒன்றிரண்டு லேத் வைத்திருக்கும் பட்டறைக்கு என் பதில் கேபிள், வேறெதுவும் வேண்டாம். கார்ட் நுழையும் இடம் உள்ள மெசினுக்கு கார்ட். மில்லிங்கில் நீளமான கோப்பு ஓட்டும் ஒரு மெசினுக்கு ஐசொலேட்டர் போட்ட கேபிளும் அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய கணினியும். நடுவில் கரண்ட் போனால் வெட்டு அந்த இடத்திலேயே நிற்கும் என்பதால் எந்த வரியில் நின்றது என்று குறித்துக்கொள்ளும் சொஃப்ட்வேர் அங்கே காசு கொடுத்து வாங்கத் தகும். பல மெசின் உள்ளவர்கள் வைஃபை பெட்டியை ஒரு மெசினில் போட்டு, பெரிய கோப்பொன்றை இரண்டு பக்கமும் அனுப்பி, வந்ததையும் போனதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு வாங்கலாம்.

கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லிவிட வேண்டியவை: எஃப்டிடிஐ சிப் உள்ள அடாப்டர் ஒன்று, கைக்கு இன்னொன்று, மூடியோடு 25 பின் ஆண் கனெக்டரும் 9 பின் பெண் கனெக்டரும், ஷீல்ட் உள்ள மூன்று கம்பி வயர் 3 மீற்றர், முடிந்தால் ஐசொலேட்டர். டி சைஸ் அல்கலைன் பற்றரி மூன்று இங்கேயே கடையில் கிடைக்கும். அதை முதலில் வாங்கி, பேக்கப் எடுத்த அன்றைக்கே, மெசின் ஓனில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எடுத்த கோப்புகளின் ஒரு பிரதியை பட்டறைக் கணினியில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் வையுங்கள். கோப்பின் பெயரில் மெசினின் சீரியல் எண்ணும் திகதியும் இருக்கட்டும்.